யுத்தம் பறித்த டெஸ்ட் தொப்பி!

பொங்கல் லீவுக்கு தீர்த்தமலை போயிருந்தேன். மலை அடிவாரத்துல பசங்களோட டென்னிஸ் பால் மேட்ச். என் சித்தி பையனும் ஆடினான். 2020-ல அவனுக்கு 18 வயசு. 19 வயசுக்குட்பட்டோர் மாவட்டத் தேர்வுக்கு அதுதான் கடைசி வருஷம். கொரோனா வந்துச்சு, தேர்வே நடக்கலை. இப்போ ஓசூர்ல கம்பெனி வேலை. "அந்த ஒரு வருஷம் மட்டும் இருந்திருந்தா..."ன்னு அவன் ஆரம்பிச்சப்போ, எனக்கு ஏ.ஜி.ராம்சிங் ஞாபகம் வந்தார்.

1934 நவம்பர் 4. ரஞ்சி கோப்பையின் முதல் மேட்ச். சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசினவர் எம்.ஜே.கோபாலன். ஆனா, அன்னிக்கு ஹீரோ வேற ஒருத்தர். அமிர்தசரஸைப் பூர்விகமாகக் கொண்ட சீக்கியக் குடும்பத்து இளைஞர், மெட்ராஸ்வாசி, இடக்கை சுழல் பந்துவீச்சாளர் ராம்சிங். முதல் இன்னிங்ஸில் 19 ரன் கொடுத்து 6 விக்கெட், அடுத்ததில் 16 ரன் கொடுத்து 5 விக்கெட். மைசூர் 48-க்கும் 59-க்கும் ஆல் அவுட். ஒரே நாளில் மேட்ச் முடிஞ்சது!

பேட்டிங்கும் தெரிஞ்ச ஆல்ரவுண்டர். இப்போ மாதிரி இருந்தா அடுத்த மாசமே இந்திய அணியில் இருந்திருப்பார். அப்போ அப்படி இல்லை. 1936 இங்கிலாந்து பயணத்துக்கான அணியில் அவர் பெயர் இல்லை. சரி, அடுத்த வாய்ப்பு? 1939-40-ல் இங்கிலாந்து அணி இங்கே வர்றதா இருந்தது. ராம்சிங்குக்கு அப்போ 29 வயசு. ஒரு சுழல் பந்துவீச்சாளருக்கு நல்ல வயசு. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வெடிச்சது. பயணம் ரத்து.

1936 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடினது 1946 ஜூனில்தான். கிட்டத்தட்ட பத்து வருஷம்! 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து, மெட்ராஸ் ஜனங்க மூட்டை முடிச்சோட உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பின காலம் அது. ஆனாலும் ரஞ்சி கோப்பை மட்டும் நிற்கவே இல்லை. அந்தக் கோப்பையை முதல்முறையா நிறுத்தினது 2020-21-ல் கொரோனாதான். உலக யுத்தத்தால முடியாதது!

அமெரிக்காவில் கதை வேற மாதிரி. பெரிய பேஸ்பால் வீரர்கள் பலர் ராணுவத்துக்குப் போயிட்டாங்க. அணிகளுக்கு ஆள் இல்லை. சின்ன வயசிலேயே வலது கையை இழந்த பீட் கிரே, 1945-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக 77 மேட்ச் ஆடினார். யுத்தம் முடிஞ்சு வீரர்கள் திரும்பினதும் அந்தக் கதவு மூடிக்கிச்சு. அவருக்குக் கதவைத் திறந்த அதே யுத்தம், ராம்சிங்குக்கு இறுக்கி மூடிட்டுது.

1946-ல் இந்திய அணி மறுபடி இங்கிலாந்து கிளம்பினப்போ ராம்சிங்குக்கு 35 வயசு. அந்த அணியிலும் அவர் இல்லை. ஒரு டெஸ்ட் கூட ஆடாமலேயே அவர் ஆட்டம் முடிஞ்சது.

அவர் மைதானத்தை விட்டுப் போகலை. மெட்ராஸ் பசங்களுக்குப் பயிற்சியாளர் ஆனார். அதில் அவர் பிள்ளைகளும் உண்டு. 1954-55-ல் மெட்ராஸ் முதல்முறையா ரஞ்சி கோப்பை ஜெயிச்ச அணியில் மகன் கிரிபால் சிங் இருந்தார். 1955-ல் ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்ட்லயே சதம்! இன்னொரு மகன் மில்கா சிங்கும் (ஓட்டக்காரர் இல்லை, இவர் வேற!) டெஸ்ட் வீரர். 1961-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரா அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் இறங்கினாங்க. அப்பாவுக்குக் கிடைக்காத தொப்பி, வீட்டுக்கு ரெண்டா வந்துச்சு. 1999-ல் ராம்சிங் காலமானார்.

இதை எல்லாம் தம்பிகிட்ட சொன்னேன். "அதனால அவருக்கு வலிக்காம இருந்திருக்குமாக்கா?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்லை. வலிச்சிருக்கும்தான். பிள்ளைங்க போட்ட தொப்பி, தான் போட்டதா ஆகிடுமா என்ன?

மறுநாள் காலையில எட்டிப் பார்த்தேன். ஓசூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. ஆறாவது படிக்கிற ஒரு பொடியனுக்குப் பந்தைப் பிடிக்கிற விதம் சொல்லிக் கொடுத்துட்டிருந்தான் தம்பி.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு வருஷத்தைத் தொலைச்ச அண்ணனோ அக்காவோ இருப்பாங்க. ஒரு தடவை உட்கார்ந்து அவங்க கதையைக் கேளுங்களேன்!