"சபர் பண்ணும்மா"ன்னு இன்னும் எத்தனை நாள்?



முஸ்லிம் வீட்ல ஒரு பெண் அடி வாங்குறதைப் பத்திப் பேசினாலே ரெண்டு கூட்டம் வந்துடும். ஒண்ணு, "பாத்தீங்களா, அவங்க மார்க்கமே இப்படித்தான்"னு பழி போடும். இன்னொண்ணு, "வெளிய சொன்னா சமுதாயத்துக்கு அவமானம்"னு வாயை மூடச் சொல்லும். நடுவுல அந்தப் பெண் அதே வீட்லதான் இருக்கா.

முதல் கூட்டத்துக்கு: தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்தவர்கள். இது எல்லா மத வீடுகளையும் சேர்த்த கணக்கு.

ரெண்டாவது கூட்டத்துக்கு: நபிகள் நாயகம் (ஸல்) எந்தப் பெண்ணையும் கை நீட்டி அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தது ஹதீஸில் இருக்கு. அப்போ அவமானம் அடிக்கிறவனுக்கா, சொல்றவளுக்கா?

சட்டம் தெளிவா இருக்கு. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. அடி மட்டும் இல்லை; கேவலமாப் பேசுறது, நகையைப் பிடுங்கி வச்சுக்கிறது, சவூதியில இருந்துக்கிட்டு செலவுக்குப் பணம் அனுப்பாம விடுறது எல்லாமே வன்முறைதான். இதுக்காக திருமணத்தை முறிக்கத் தேவையில்லை. வீடு கணவன் பேர்ல இருந்தாலும் அங்கேயே வசிக்க கோர்ட் உத்தரவு வாங்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் 1 வருடம் வரை சிறை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு மூணு கோரிக்கை:

1. குடும்பப் புகாரை விசாரிக்கும்போது பெண்களும் உட்காரணும். ஆண்கள் மட்டுமே பேசி முடிப்பதை எதிர்த்துத்தான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கான ஜமாஅத்தையே உருவாக்கினார்.

2. ஜும்ஆ பயானில் இதைப் பேசுங்க. கேட்க வேண்டிய ஆண்கள் அங்கதான் இருக்காங்க.

3. அடி வாங்கி வந்தவளை "சபர் பண்ணும்மா"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. சமரசம் பேசலாம், ஆனா முதல்ல அவ உயிருக்குப் பாதுகாப்பு.

பக்கத்து வீட்டுக்காரங்களும் புகார் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோட தகவல் சொன்னவர் மேல சட்டப்படி எந்த நடவடிக்கையும் வராது.

பெண்கள் உதவி எண்: 181. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க.

இந்தப் பதிவை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. அதுல ஒருத்தருக்கு இந்த நம்பர் இன்னைக்கே தேவைப்படலாம்.

#வீட்டுக்குள்ளும்_பாதுகாப்பு