ஏலத்துக்கு ஆரூடம் சொல்பவர்களுக்கு

தமிழ்நாடு பிரீமியர் லீக் புள்ளிவிவரம் கையில் இருந்தால் ஐபிஎல் ஏலத்தில் யார், என்ன விலைக்குப் போவார் என்று முன்பே சொல்லிவிடலாமாம். தமிழ்நாட்டுப் பந்துவீச்சாளர் சாய் கிஷோரை இந்தக் கணக்கில் எங்கே வைப்பார்கள்? 2020 ஏலத்தில் சென்னை அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு சீசன்களில் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. 2022-இல் குஜராத் அவருக்கு 3 கோடி கொடுத்தது. இடையில் உள்ளூர் ஆட்டங்களில் நன்றாக வீசினாரே என்பீர்கள். வீசினார்தான், ஆனால் 2020-க்கு முன்பும் அப்படித்தான் வீசினார். மாறியது சந்தை. எட்டு அணிகள் பத்தாயின, பெரிய ஏலம், நிரப்ப வேண்டிய இடங்களோ ஏராளம். இன்னொரு தமிழ்நாட்டுப் பந்துவீச்சாளர் வருண் சக்கரவர்த்தி விஷயம் தலைகீழ். பஞ்சாப் 8.4 கோடிக்கு வாங்கி, ஒரே ஆட்டம் ஆடவைத்து விடுவித்தது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா கொடுத்தது 4 கோடி. அவர் அருமை அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்கக் கால்பந்தில் ஏலமே கிடையாது. அணிகள் வரிசைமுறைப்படி கல்லூரி வீரர்களை எடுக்கின்றன. அங்கேயே கணிப்பு தவறுகிறது: பின்னாளில் பெரும் நட்சத்திரமான டாம் பிரேடி 2000-இல் 199-வது ஆளாகத்தான் போனார். ஐபிஎல் ஏலத்திலோ விலை ஏற இரண்டு அணிகள் மோத வேண்டும். அந்த மோதலை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. திருவாலங்காட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ பந்து வீசும் பையனின் பெற்றோரே, இந்த ஆரூடத்தை நம்பி அவன் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.