டிக்கெட் 100 ரூபாய்தான்... பள்ளி விழாவுக்குப் போய்வர ஆகும் செலவு எவ்வளவு?

ஆண்டு விழா, உணவுத் திருவிழா, கண்காட்சி, 'கார்னிவல்' என்று பெயர் எதுவாக இருந்தாலும், ஜனவரி பிறந்துவிட்டால் பிள்ளைகளின் டைரியில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டி வருகிறது. 'புதிய வகுப்பறைக்கு நிதி திரட்டும் விழா. நுழைவுச் சீட்டு 100 ரூபாய். பெற்றோர் தவறாமல் கலந்துகொள்ளவும்.' கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. இப்போது அதே வாசகம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிடுகிறது. நீல டிக் விழுந்த பிறகு 'பாக்கலீங்க' என்று சொல்லவும் வழியில்லை.

நூறு ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று பள்ளி நிர்வாகம் கேட்கலாம். மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது பெரிய தொகை அல்லதான். ஆனால் பள்ளிபாளையம் போன்ற ஊரில் அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

காவிரிக்கு அக்கரையில் ஈரோடு, இக்கரையில் பள்ளிபாளையம். காகித ஆலை, சர்க்கரை ஆலை என்று இருந்தாலும் ஊரின் சத்தம் விசைத்தறிச் சத்தம்தான். தறி ஓட்டுபவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓட்டினால் கூலி, வாரக் கடைசியில் கையில் பணம். அதிலும் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு ஒரு பிடித்தம், குழுக் கடனுக்கு ஒரு தவணை போனது போக மிச்சம்தான் வீட்டுக்கு. 2025 ஜூலையில் இந்த ஊர் தமிழகம் முழுக்கப் பேசப்பட்டது. கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் அணுகிச் சிறுநீரகத்தை விற்க வைத்ததாக எழுந்த புகார்தான் காரணம். அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. அந்தக் கடன்களுக்கும் பள்ளி விழாவுக்கும் முடிச்சுப் போடுவது நியாயமில்லை. ஆனால், வாரத் தவணையை வைத்தே வீடு நடக்கும் ஊரில் ஐந்நூறு, ஆயிரம் என்பது எவ்வளவு கனமானது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணவன், மனைவி இருவரும் தறி ஓட்டுகிறார்கள். மகள் மூன்றாம் வகுப்பு. பையன் இன்னும் பள்ளியில் சேரவில்லை. விழாவில் மகளுக்கு ஒரு குழு நடனம். கீழே வருபவை உதாரணத்துக்கான தொகைகள்தான். அவரவர் வீட்டுக் கணக்கை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

பெரியவர்கள் இருவருக்கும் டிக்கெட் 200 ரூபாய். நடன உடை வாடகை 700. வளையல், பூ, முகப்பூச்சுக்கு 150. விழா மாலை ஐந்து மணிக்கு. குழந்தையை மூன்று மணிக்கே அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தறியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனால் முழு ஷிஃப்டும் போகும். ஆளுக்கு ஒரு ஷிஃப்ட் கூலி 500 ரூபாய் என்று வைத்தால் இருவருக்கும் 1,000. விழா முடிய இரவு பத்தாகிவிடும், டவுன் பஸ் இருக்காது, ஆட்டோவுக்கு 150. மைதானத்தில் பானிபூரி, ஐஸ்கிரீம் கடை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதைத் தாண்டி வர முடியுமா? 200. பையன் அழுததற்கு ஒரு பலூன், ஒரு விளையாட்டு, 50.

மொத்தம் 2,450 ரூபாய். டிக்கெட் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இதில் வகுப்பறைக் கட்டடத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது? டிக்கெட் பணம் 200. கடைக்காரரிடம் பள்ளி வாடகை வாங்கினால் இன்னும் கொஞ்சம். உடைப் பணம் வாடகைக் கடைக்கு, ஆட்டோப் பணம் ஆட்டோவுக்கு. ஷிஃப்ட் கூலியோ யார் கைக்கும் போகவில்லை, காற்றில் போயிற்று. வந்த 200-லும் பந்தல், மைக்செட், மேடை விளக்கு, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, கேடயம் எல்லாம் கழிய வேண்டும். பள்ளிக்கு நூறு ரூபாய் மிஞ்சுவதற்காக ஒரு குடும்பம் இரண்டாயிரத்து நானூறு ரூபாய் இழக்கிறது என்றால், நிதி திரட்டுவதற்கு இதைவிட விரயமான வழி இருக்க முடியாது. பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுக்கும் இலவச வேட்டி சேலையை நெய்கிற வட்டாரம் இது. இங்கே ஒரு குழந்தை பத்து நிமிடம் உடுத்தும் உடைக்கு ஒன்றரை ஷிஃப்ட் கூலி போகிறது.

"புள்ள ஆடறத பாக்கறதுக்குக் கணக்குப் பாப்பாங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. மகள் மேடையில் நிற்பதைப் பார்க்க ஒரு ஷிஃப்டை விடத் தயங்காத பெற்றோர்தான் அதிகம். அந்த ஆசையின் மேல் டிக்கெட் வைப்பதுதான் சிக்கல். குழந்தையின் விழா வேறு, கட்டட நிதி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், நிதி கொடுக்க முடியாதவர் தன் பிள்ளையின் நடனத்தையும் பார்க்க முடியாதவர் ஆகிறார்.

வராதவர்கள் எங்கே போகிறார்கள்?

பள்ளி நிர்வாகத்தின் கண்ணில் இந்தச் செலவு படாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முடியாதவர்கள் முடியாது என்று சொல்வதில்லை. அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. ஊரில் ஒரு விசேஷம் வந்துவிடுகிறது. வருகைப் பதிவேட்டில் 'விடுப்பு' என்று இருக்கும், காரணம் இருக்காது. வந்தவர்களை மட்டும் பார்க்கும் நிர்வாகம், 'எல்லாரும் சந்தோஷமாத்தான் குடுத்தாங்க' என்று அடுத்த ஆண்டு டிக்கெட்டை 150 ஆக்குகிறது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பள்ளிகளில் 2014 வாக்கில் 'பள்ளி நாளின் செலவு' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. குழந்தை வறுமை ஒழிப்புக்காக இயங்கும் ஓர் அமைப்பு, மாணவர்களிடமே போய்க் கேட்டது. சீருடை, உணவு, பயணம் என்று எல்லாரும் எதிர்பார்த்த செலவுகளோடு, வேடிக்கைக்காக நடத்தப்படும் நாட்களும் அந்தப் பட்டியலில் வந்தன. சீருடை இல்லாமல் கலர் டிரஸ்ஸில் வர ஒரு பவுண்டு, விற்பனைத் திருவிழாவுக்கு ஒரு பவுண்டு என்று கேட்ட நாட்களில், சில பிள்ளைகள் பள்ளிக்கே வராமல் இருந்துவிட்டார்கள். பணக்கார நாட்டிலேயே இப்படி என்றால், வாரக்கூலி ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பல பள்ளிகள் செய்த மாற்றம் எளிமையானது: பணம் கேட்கும் நாட்களைக் குறைத்தன, யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்று தெரியாதபடி வாங்கின.

நம் வகுப்பறைகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. 'பணம் கொண்டு வராதவங்க எந்திரிங்க' என்ற ஒரு வாக்கியம் போதும். எட்டு வயதுக் குழந்தைக்குத் தன் வீட்டின் பொருளாதாரம் அந்த இடத்தில் புரிந்துவிடும். ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. வகுப்புக்கு இத்தனை டிக்கெட் என்று அவர் தலையிலும் கட்டியிருப்பார்கள்.

டிக்கெட் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, 'பத்து டிக்கெட் வித்துட்டு வா' என்று அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. கொடிநாள் கொடி, காசநோய் வில்லை என்று விற்றுப் பழகிய தலைமுறைக்கு இது புதிதல்ல. ஆனால் அந்த வில்லை சில்லறைக் காசோடு முடிந்தது. இது 100 ரூபாய். அக்கம்பக்கத்தில் விற்காத டிக்கெட்டைக் கடைசியில் அப்பாவே வாங்குகிறார். டிக்கெட்டில் எண் போட்டு, குலுக்கலில் மிக்சி, சைக்கிள் பரிசு என்று அச்சடித்திருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை உள்ள மாநிலம் இது. அதே வடிவத்தில் இருக்கும் ஒரு சீட்டைக் குழந்தை கையில் கொடுத்து விற்கச் சொல்லும் முன் பள்ளிகள் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

அரசுப் பள்ளியில் இந்தச் சிக்கல் இல்லையா?

வேறு உருவத்தில் இருக்கிறது. கல்விச் சீர் என்ற நல்ல வழக்கம் தமிழகத்தில் பல ஊர்களில் பரவியிருக்கிறது. பெற்றோரும் ஊராரும் நாற்காலி, மின்விசிறி, பீரோ, நோட்டுப் புத்தகம் என்று தட்டுகளில் ஏந்தி, மேளதாளத்தோடு ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். பார்க்க மனம் நிறைகிற காட்சி. ஆனால் சீர் என்றால் என்ன என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். சீர்த் தட்டு நாலு பேர் கண்ணில் படும். யார் தட்டில் என்ன இருக்கிறது என்பது பேச்சாகும். மொய் என்றாலாவது நாளைக்குத் திரும்பி வரும். பள்ளிச் சீர் திரும்பி வராது, 'எல்லாரும் குடுக்கறாங்க, நாம குடுக்காட்டி நல்லாருக்காதுங்க' என்ற பேச்சு மட்டும் மிஞ்சும்.

பள்ளிக்கு ஊர் கொடுப்பது தமிழகத்தில் பழைய பெருமை. 1956-இல் காமராஜர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு தொடங்கியபோது ஊராரின் நன்கொடைதான் அதற்கு முதல் அடித்தளம். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு போன்றோரின் முயற்சியால் நிலம், கட்டடம், மேசை நாற்காலி என்று குவிந்தன. அப்போது கேட்கப்பட்டது யாரிடம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஊரில் வசதி உள்ளவர்களிடம் கேட்டார்கள். கொடுப்பவருக்கு அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இன்றைய டிக்கெட் விழா பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று போடுகிறது. இரண்டு பிள்ளைகள் படிக்கும் ஏழை வீடு, ஒரு பிள்ளை படிக்கும் பணக்கார வீட்டைவிட இரண்டு மடங்கு கொடுக்கிறது.

2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' அறக்கட்டளை பழைய வழியை ஒட்டியது. முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் அதன் வழியாக அரசுப் பள்ளிகளுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். தறி ஓட்டும் பெற்றோரிடம் நூறு ரூபாய் கேட்பதற்கு முன், அந்தப் பள்ளியில் படித்து இன்று மேலே வந்தவர்களிடம் கேட்கலாம் அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

தானாக முன்வந்து கொடுக்கும் நன்கொடையை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கட்டாயப்படுத்துவதுதான் தவறு. 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்த தொகைக்கு மேல் தனியார் பள்ளிகள் வசூலிக்கக் கூடாது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. அதே ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அறிவிக்கப்பட்ட கட்டணம் தவிர்த்த எந்த நன்கொடையும் 'கேபிடேஷன் கட்டணம்' என்கிறது. ஆனால் அந்தத் தடை, சேர்க்கையின்போது வாங்குவதைப் பற்றியது. ஜூனில் கேட்டால் குற்றம். பிப்ரவரியில் விழா டிக்கெட்டாகக் கேட்டால்? விழா வசூல் பிழைப்பது இந்தச் சந்தில்தான்.

அதே சட்டத்தின் 3-வது பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. இலவசக் கல்விக்கு உரிமையுள்ள குழந்தை, தன் தொடக்கக் கல்வியைத் தொடரவோ முடிக்கவோ தடையாகும் எந்தக் கட்டணத்தையும் 'செலவையும்' ஏற்க வேண்டியதில்லை என்பது அது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளும், 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளும் இதை எடுத்துக் காட்டிக் கேட்கலாம். ஒதுக்கீட்டுப் பிள்ளைக்கான கட்டணத்தைப் பள்ளிக்கு அரசு கொடுக்கிறது. நடன உடைக்கும் டிக்கெட்டுக்கும் கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளையின் பெற்றோர்தான் 'நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க' என்று பயந்து முதலில் கடன் வாங்குகிறார்கள். அரசு ஒரு பக்கம் நான்கு செட் சீருடை, புத்தகம், காலை உணவு என்று செலவைக் குறைத்துக்கொண்டே வருகிறது. இன்னொரு பக்கம் விழாச் செலவு கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் நுழைகிறது.

மாற்று என்ன?

விழாவே வேண்டாம் என்பது தீர்வல்ல. வருடத்தில் ஒரு நாள் பிள்ளை மேடையேறுவது எந்த ஊரிலும் தேவையான சந்தோஷம். அதை இலவசமாக, தறி நிற்கும் வார விடுமுறை நாளில், பகலில் வைத்தாலே மேலே போட்ட கணக்கில் ஷிஃப்ட் கூலி, டிக்கெட், இரவு ஆட்டோ மூன்றும் போய்விடும். வீட்டில் இருக்கும் பாவாடை சட்டை, வேட்டி சட்டையிலோ சீருடையிலோ ஆடினால் உடை வாடகையும் போகும். 2,450 ரூபாய் 400-க்குள் வந்துவிடும்.

நிதி தேவையென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். எதற்கு, எவ்வளவு என்று எழுதிக் கேட்க வேண்டும். வகுப்பறை வழியாகக் கேட்கக் கூடாது. பெயர் எழுதாத உறையோ பூட்டிய உண்டியலோ போதும். வந்த தொகை, விழாச் செலவு, மிச்சம் மூன்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், விழாவால் உண்மையில் லாபம் வந்ததா என்று நிர்வாகத்துக்கே தெரிந்துவிடும். அரசுப் பள்ளிகளில் இதைக் கேட்க ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். விழா வசூலை அந்தக் கூட்டத்தில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.

கட்டாய வசூல் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இலவச எண்ணில் சொல்லலாம். தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். அதற்கு முன் ஒன்று: கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும். அதில் 'நன்கொடை' என்று எழுதியிருக்கிறதா, 'விழாக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ரசீது தர மறுத்தால், டைரியில் ஒட்டி வந்த அந்தத் துண்டுச்சீட்டையோ வாட்ஸ்அப் செய்தியையோ அழிக்காமல் வைத்திருந்தால், புகாரோடு இணைக்க உதவும்.