தும்பிக்கை லையும் மலைப் பிள்ளையும்

ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கி, அதில் ஒரு மணி நேரம் ஒரு தொடக்கப் பள்ளிக்குள் எட்டிப் பார்த்து, சேலத்துக்கு இறங்கியதும் ஒரே கட்டுரையில் தமிழ்நாட்டின் வாசிப்புக் கல்விக்கே கருமாதி நடத்திவிட்டார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர் கட்டுரையைப் படித்த நண்பர்கள் ‘சரியாகத்தானே சொல்றாரு’ என்று தலையாட்டினார்கள். இல்லை, சரியாகச் சொல்லவில்லை.

அவர் சொல்வது இதுதான். மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு அ, ஆ வரிசையாகச் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் சிலேட்டில் எழுதியே எல்லோரும் படித்தோம். செயல்வழிக் கற்றல், ‘எண்ணும் எழுத்தும்’ என்று அரசுத் திட்டங்களின் பெயரில் ஆட்டம் பாட்டம் வந்து எல்லாம் கெட்டது. இவை போக, அந்த மலையின் மலையாளி பழங்குடி இனத்துப் பிள்ளைகளின் வீட்டு மொழி மலையாளமாம். அதனால் தமிழ் ஏறவில்லையாம்.

கடைசியை முதலில் பார்ப்போம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிகள் பேசுவது தமிழ். மலையை ஆள்கிறவர் என்பதால் மலையாளி; கேரளத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்தச் சிறுமியிடமே கேட்டிருந்தால் தமிழிலேயே சொல்லியிருப்பாள். இவரோ கேட்டது அ, ஆ மட்டும். ஒரு இனத்தின் பெயரைப் பார்த்து அதன் தாய்மொழியை முடிவு செய்கிறவர், வாசிப்பைப் பற்றி மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வந்திருக்கிறார்.

மலைக்காற்று படிப்புக்கு ஆகாது என்ற தொனியும் கட்டுரை நெடுக இருக்கிறது. அதே மலையில் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894 முதலும், மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917 முதலும் நடக்கின்றன. எங்கெங்கிருந்தோ பெற்றோர் பணம் கட்டிப் பிள்ளைகளை அங்கே விடுதியில் சேர்க்கிறார்கள். காற்று எல்லோருக்கும் ஒன்றுதான்.

‘எல்லோரும் படித்தோம்’ என்கிறாரே, யார் அந்த எல்லோரும்? 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. சிலேட்டோடு உட்கார்ந்து, அடி வாங்கி, மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர்கள் இவர் நினைவில் இல்லை. தேறியவர்கள் மட்டும் கூடிப் பேசினால் எல்லாப் பள்ளிக்கூடமும் நல்ல பள்ளிக்கூடம்தான். 2011இல்கூட மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடியினரிடையே 54தான். நாற்பது ஆண்டு சிலேட்டும் பிரம்பும் மலைக்கு என்ன கொடுத்தன என்பதற்கு அந்த 54 சாட்சி.

இனி அ, ஆ. எழுத்தை வரிசையாகச் சொல்வது வேறு, வாசிப்பது வேறு. கசடதபற என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளையின் எதிரே ‘தூ’ மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். முதலிலிருந்து பாடிக்கொண்டு வரும், அந்த இடம் வந்ததும் நிற்கும். தமிழில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடமே அதுதான். கு, சு, து என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு உருவம் எடுக்கிறது. கொம்பு முன்னால் நிற்க ஒலி பின்னால் வருகிறது. ‘கல்’லில் ஒரு க, ‘தங்க’த்தில் ஒரு க, ‘பகல்’ என்பதில் இன்னொரு க. இதை 247 எழுத்தையும் ஒப்பித்துக் கடக்க முடியாது. சொல்லில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கடக்க முடியும். ட, ப, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம் வந்துவிடும், மடம் வந்துவிடும், பட்டமும் பறக்கும். 1990களில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெரியவர்களுக்கு ‘பட்டா’, ‘படி’ என்றுதான் தொடங்கியது. அகர வரிசை அகராதி புரட்டத்தான் தேவை; அதற்கு நாள் இருக்கிறது.

(இவர் தலைமுறை படித்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து. யானைத் தும்பிக்கை போல வளைவு போட்ட பழைய ‘லை’ போனபோதும் தமிழ் போச்சு என்று ஒரு கூட்டம் அழுதது. இன்று அந்த லையை யாரும் தேடுவதில்லை.)

செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படியையும், பிள்ளைகளின் வேலைகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலையும் வகுப்பில் கட்டி வைத்தது இவர் காலத்துத் தலைமையாசிரியர்கள்தான். அப்போது வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓய்வூதியம் வந்த பிறகு ஞானம் வந்தால் எப்படி?

‘அசர்’ என்ற கல்வி நிலை ஆய்வை எடுத்து வீசுகிறார். 2022இல், மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கவில்லை. ஆகவே எண்ணும் எழுத்தும் தோல்வி என்கிறார். ஆனால் அந்தத் திட்டம் தொடங்கியதே 2022 ஜூனில். அந்த ஆய்வு நடந்தது அதே ஆண்டு செப்டம்பர் முதல் நவம்பருக்குள். ஆய்வில் சிக்கிய பிள்ளைகள் 2020இல் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டியவர்கள். கொரோனாவால் மூடிய பள்ளிக் கதவு அவர்களுக்குத் திறந்தது 2021 நவம்பரில். விதைத்த மறுவாரம் வயலுக்குப் போய் விளைச்சலைக் கேட்கிறார் இந்த ஆசிரியர். 2018இல் அது பத்துதான் என்பதும், 2024இல் அரசுப் பள்ளிகளில் 13 வரை ஏறியது என்பதும் அவர் கட்டுரையில் இல்லை.

இதைச் சொல்வதால் நான் அரசின் வக்கீல் ஆகிவிடவில்லை. 13 என்பது வெட்கப்பட வேண்டிய எண். நாட்டின் அரசுப் பள்ளிச் சராசரியே 23க்கு மேல். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தது நல்ல யோசனை. நுழை, நட, ஓடு, பற என்று அரசின் வாசிப்பு இயக்கம் போட்ட சின்னப் புத்தகங்களும் நல்லவைதான். ஆனால் அதை நடத்த ஆள் எங்கே? கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். மலையில் சிறு பள்ளிகளின் கதை அதுதான்: ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். அவரும் மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற சிக்னல் தேடி அலைந்தால், ‘தூ’ மேல் விரல் வைத்த பிள்ளை யாரைக் கேட்கும்? காப்பி பறிக்கும் மாதங்களில் விடியும்போதே தோட்டத்துக்குப் போன அம்மாவையா?

திட்டத்தைத் திட்ட வேண்டிய இடம் இதுதான். கட்டுரையாளர் போன பள்ளியில் எத்தனை ஆசிரியர் இருந்தார்கள் என்ற ஒரு வரி அவர் எழுதவில்லை. தலைமையாசிரியராக இருந்தவர் பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் எண்ணியிருக்க வேண்டியது அதைத்தானே?

ஐயா, அடுத்த கட்டுரையில் ஏற்காட்டு மலையின் நாகலூரிலோ மாரமங்கலத்திலோ செம்மநத்தத்திலோ இருக்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்குக் கீழே முதல் கையெழுத்து என்னுடையது.