சர்வே நம்பர் என்ன, ஐயா?



ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் மனை விளம்பரங்களைப் படிப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது. தொடர்கதையைவிட அவற்றில் கற்பனை அதிகம். "செங்கற்பட்டு ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிஷம்" என்று போட்டிருப்பார்கள். எந்த வாகனத்தில் பத்து நிமிஷம் என்று சொல்ல மாட்டார்கள். ஆகாய விமானமாய்த்தான் இருக்க வேண்டும். படத்திலே நீலமாக ஓர் ஏரி. கரையிலே தென்னை மரம். மரத்தடியிலே சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு தம்பதி. நகருக்குப் பெயரே 'லேக் வியூ'. வீட்டிலிருந்து ஏரியைப் பார்க்கலாமாம். வாஸ்தவந்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஏரியும் நம்மைப் பார்க்க வீட்டுக்குள்ளேயே வரும்.

"மனை விஷயமெல்லாம் எங்கள் வீட்டில் அவர் பார்த்துக்கொள்வார்" என்று நீங்கள் சொல்லலாம். பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் முன்பணத்துக்குப் போதவில்லை என்றதும் அவர் யாரிடம் வந்து நிற்கிறார்? வளையலைக் கழற்றிக் கொடுக்கிறவளுக்கு ஒரு கேள்வி கேட்கவும் பாத்தியதை உண்டு. நீளமான கேள்வி வேண்டாம். "சர்வே நம்பர் என்ன, ஐயா?" என்று கேட்டால் போதும். மனை விற்க வந்தவர் நம்பரைச் சொல்லிவிட்டால் சரி. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்று காபியைக் குடித்தாரானால், டம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு விடை கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம்பர் கிடைத்த பிறகு தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றைத் தமிழ்நாடு சர்க்கார் தன் நில ஆவண இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறது. ஜில்லா, தாலுகா, கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு இவற்றைக் கொடுத்தால் செல்போனிலேயே படிக்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்க விவரத்தையும் பார்க்கலாம். பார்ப்பதற்குக் காசு இல்லை. முதல் நாள் புகுந்த வீட்டுச் சமையலறை மாதிரி, எது எங்கே இருக்கிறதென்று திகைப்பாகத்தான் இருக்கும். இரண்டு நாளில் பழகிவிடும்.

ஒரு சிறு சிக்கல் உண்டு. செங்கற்பட்டு தனி ஜில்லாவானது 2019 நவம்பர் 29-ஆம் தேதிதான். 1997-லிருந்து அதுவரையில் அது காஞ்சிபுரம் ஜில்லாவில் இருந்தது. அதற்கும் முன்னால் பழைய பெரிய செங்கற்பட்டு ஜில்லா. ஆகையால் ஒரே நிலத்தின் பழைய பத்திரத்தில் ஒரு ஜில்லாவும் புதிய பத்திரத்தில் வேறொன்றும் இருந்தால் பயப்பட வேண்டாம். கிராமத்தின் பெயரையும் நம்பரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஊர் விவரங்களைக் கணக்கெடுத்து வைப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1763-ல் ஆற்காட்டு நவாபு செங்கற்பட்டுப் பிரதேசத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த சொத்து என்ன பெறும் என்று தெரிய வேண்டாமா? தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயரை அளக்க அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரையில் சுமார் 2000 ஊர்களின் விவரங்களை அவர் திரட்டினார். அந்த ஊர்க் கணக்குகளைத் தமிழில் ஓலையில் எழுதியவர்கள் நம் கணக்கப்பிள்ளைகள். ஊரில் எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், நஞ்செய் எவ்வளவு, தோப்பு எவ்வளவு, ஏரி எத்தனை காணி என்று எல்லாம் இருக்கிறது. விளைந்த நெல்லில் கோயிலுக்கு இவ்வளவு, வண்ணானுக்கு இவ்வளவு, வெட்டியானுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஏரிக்கும் ஒரு பங்கு உண்டு! ஏரி ஒரு குடும்பத்து மனுஷி மாதிரி. உழைத்துப் போடுகிறாள், அவளுக்கும் சாப்பாடு வைக்க வேண்டும் என்ற நினைப்பு.

அந்த ஓலைகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் திருப்போரூரின் கணக்கைச் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தார் 2001-ல் புஸ்தகமாகவே போட்டிருக்கிறார்கள். கம்பெனிக்கு வேண்டியிருந்தது வரி. ஊராருக்குக் காட்டவா அவர்கள் எழுதி வாங்கினார்கள்? இன்றைக்கு அதே மாதிரி விவரத்தைத் திருப்போரூரில் குடியிருக்கும் எந்தப் பெண்பிள்ளையும் அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் பார்த்துவிடலாம். 250 வருஷத்தில் வந்த வித்தியாசம் இது. இதை நாம் உபயோகிக்காமல் விடுவது அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பதிவேட்டைத் திறந்தாகிவிட்டது. ஏரி, ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்று ஏதாவது இருந்தால் யோசனையே வேண்டாம். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அதில் தொல்லை இல்லை. எல்லாம் சுத்தமான பட்டா நிலம் என்று இருந்து, பக்கத்திலே 'நஞ்செய்' என்று ஒரு வார்த்தை நிற்கிறதே, அங்கேதான் நிதானிக்க வேண்டும். நஞ்செய் என்றால் ஏரித் தண்ணீர் தானாக ஓடி வந்து பாய்ந்த நிலம் என்று அர்த்தம். தானாகப் பாய வேண்டுமானால் அது ஏரியைவிடத் தாழ்வாக இருந்தாக வேண்டும். நெல் போட்டிருந்தவரையில் தண்ணீர் வந்தால் சந்தோஷம். வீடு கட்டின பிறகும் தண்ணீருக்குப் பழைய வழிதான் தெரியும். பத்திரத்தில் ஒரு குற்றமும் இருக்காது. கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும்.

செங்கற்பட்டு வட்டாரத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலேயுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள். நடுவிலே ஒரு வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டுவிட்டால், சங்கிலி அறுந்து ஏதோ ஒரு தெருவுக்குள் வந்து விழும். ஊர்ப் பெயர்களும் ஒரு பதிவேடு மாதிரிதான். 'தாங்கல்', 'ஏந்தல்' என்று முடிந்தால் அங்கே ஒரு சிற்றேரி இருந்தது அல்லது இருக்கிறது. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் சும்மாவா வருகின்றன?

ஆகவே பதிவேட்டோடு பூகோளப் படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திய சர்வே இலாகா 1767-லிருந்து படம் போட்டு வருகிறது. 2017 முதல் அதன் படங்களைப் பொதுமக்கள் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனம் 2009-ல் ஆரம்பித்த 'புவன்' தளத்தில் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. அமெரிக்கா 1972-லிருந்து 'லாண்ட்சாட்' என்ற துணைக்கோள்களால் பூமி முழுவதையும் படமெடுத்து வருகிறது. முன்பெல்லாம் ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும். 2008-ல் எல்லாவற்றையும் இனாமாகத் திறந்துவிட்டார்கள். உடனே என்ன ஆயிற்று? ஐரோப்பிய விஞ்ஞானிகள் 1984-லிருந்து எடுத்த லட்சக்கணக்கான படங்களை ஒன்றாகச் சேர்த்து, உலகத்தில் எந்த இடத்தில் எந்த வருஷங்களில் தண்ணீர் நின்றது என்று ஒரே படமாக 2016-ல் வெளியிட்டுவிட்டார்கள். காசு கேட்டுக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

அந்தப் படத்தில் நீங்கள் பார்க்கும் மனையின் வட்டாரம் நீலமாக இருந்தால் ஜாக்கிரதை. நீலமாக இல்லாவிட்டால்? அப்போதும் கொஞ்சம் ஜாக்கிரதை! இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு கிரவுண்டு மனை நாலு அதில் அடங்கிவிடும். உங்கள் மனைக்கென்று தனியாக அது சத்தியம் செய்யாது. இன்னொன்று, அந்தத் துணைக்கோளின் கண்ணுக்கு மேகத்துக்குக் கீழே இருப்பது தெரியாது. நமக்கோ வெள்ளம் வருவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். மேகம் கலைந்து அது எட்டிப் பார்ப்பதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும். ஆகையால் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ஊரில் நாற்பது வருஷமாகத் தயிர் விற்கிற பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "2015-ல் எந்தப் படி வரைக்கும் வந்தது பாட்டி?" என்று கேட்டால் சுவரில் கை வைத்துக் காட்டிவிடுவாள்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் முழுகியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் எந்தத் தெருவில் தண்ணீர் என்று சொல்லும் ஜாபிதா யாரிடமும் இல்லை. சில இளைஞர்கள் இணையத்தில் ஒரு தெருப் படத்தைப் போட்டு, "உங்கள் தெருவில் தண்ணீர் இருந்தால் இங்கே தொடுங்கள்" என்றார்கள். ஜனங்கள் தொட்டார்கள், தொட்ட தெருவெல்லாம் நிறம் மாறியது. அதற்கு ஆதாரமாயிருந்தது 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் பொதுப் படம். 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. அங்கே சர்க்கார் படத்துக்கு விலை வைத்திருந்தார்கள்; "நாமே போட்டுக்கொள்வோம்" என்று ஒருவர் தொடங்க, இன்று உலகம் முழுவதும் அவரவர் தெருவை அவரவர் வரைகிறார்கள்.

இனி கடற்கரைக்கு வருவோம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையில் கடலைப் பார்த்தாற்போல் ஒரு சிறு வீடு வேண்டும் என்பது பலருடைய கனவு. கடலின் குணம் வேறு. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை கரை எப்படி நகர்ந்தது என்று கணக்கெடுத்தது. தமிழ்நாட்டுக் கரையில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்ட பங்கு அரிக்கப்பட்டு வருகிறதாம். நம் கரையோரம் மணல் தெற்கேயிருந்து வடக்கே போகிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே மேடு தட்டும். வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரீனா வளர்ந்து, வடக்கே ராயபுரம் தேய்ந்தது இப்படித்தான். யாரோ எங்கோ போட்ட கல்லுக்கு உங்கள் தோட்டம் பலியாகலாம்.

அதனால்தான் கடலோரத்தில் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று சட்டம் இருக்கிறது. 2019 ஜனவரியில் வெளியான மத்திய சர்க்கார் அறிவிக்கைப்படி ஒவ்வொரு ராஜ்யமும் தன் கடலோரத்துக்குப் படம் தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டின் வரைவுப் படங்கள் 2023-ல் வெளிவந்தன. பார்த்த மீனவர்கள் திடுக்கிட்டார்கள். தங்கள் குடியிருப்புகளும், மீன் பிடிக்கும் இடங்களும், வலை காய வைக்கும் இடங்களும் சரியாகக் குறிக்கப்படவில்லை என்று ஆட்சேபித்தார்கள்.

இதில் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு குப்பத்தின் முன்னால் இருக்கும் மணல்வெளியில் காலையிலே பெண்கள் கருவாடு காய வைக்கிறார்கள், பகலிலே ஆண்கள் வலை பின்னுகிறார்கள், புயல் சமயத்தில் படகுகளை இழுத்துப் போடுகிறார்கள். யாருக்கும் பட்டா கிடையாது. படத்திலே அந்த இடம் எப்படித் தெரியும்? வெறும் மணல்! வெறும் மணல் என்றால் பத்து வருஷம் கழித்து ஒரு விடுதிக்காரர் வந்து, "காலி இடந்தானே?" என்பார். அப்போது அந்தப் பெண்மணி தன் கருவாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? தாங்களே கருவியை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் ஊர்களை அளந்து படம் போட்ட மீனவர்கள் சென்னைக் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா?

படத்தில் விட்டுப்போவது மீனவர் மணல் மட்டுமல்ல, நம்முடைய அவசரங்களும் விட்டுப்போகின்றன. பல வருஷங்களுக்கு முன் 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' என்ற அமைப்பு சென்னையின் பொதுக் கழிப்பறைகளைத் தேடிப் படத்தில் குறித்தது. பெண்கள் சிரமப்படுகிறார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். படமாகப் போட்டதும் பெரிய பெரிய வெற்றிடங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அதைத் தொடங்கி நடத்திய நித்யா ராமன் பிறகு அமெரிக்கா சென்று, 2020-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நீங்கள் நகர சபைக்குப் போட்டியிட வேண்டாம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் போவீர்கள். கடற்கரைக் கோயிலும் அர்ஜுனன் தபசும் பார்த்து முடிவதற்குள் கடைக்குட்டி காலைப் பின்னிக்கொண்டு நிற்கும். அப்போது நீங்கள் அலைந்து கண்டுபிடித்த கழிப்பறை எந்தத் தெருவில் இருக்கிறது, பெண்களுக்குத் தனியாக உண்டா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்பதை அந்தப் பொதுப் படத்தில் குறித்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. கைபேசியில் எப்படிச் செய்வதென்று தெரியாவிட்டால், பத்தாவது படிக்கிற பெண்ணிடம் கொடுங்கள், அவளுக்குத் தெரியும்.