காஸ் கரைவதில்லை, கசிகிறது

"காஸ் முடிஞ்சிட்டுது ஐயா, அடிச்சுவிட்டால் சரி." உடுவிலிலும் அயற்கிராமங்களிலும் பழைய கார் வைத்திருப்போர் ஒவ்வொரு சித்திரை வெயிலுக்கும் கேட்கும் வாசகம் இது. கேட்பவர் தலையாட்டுகிறார், பணம் கைமாறுகிறது, இரண்டு மாதத்தில் மீண்டும் அதே வெக்கை.

காரின் குளிரூட்டியிலுள்ள காஸ் பெற்றோலைப்போல எரிந்து தீரும் பொருளன்று. கொம்பிரசர் அதனை அமுக்குகிறது. முன்னாலுள்ள கொண்டென்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. உள்ளே மீண்டும் வாயுவாகி, நமது வெக்கையை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. அனைத்தும் மூடிய குழாய்களுக்குள் நடக்கும் சுற்று. பழைய இறப்பர்க் குழாய்களூடாகச் சில வருடங்களில் சிறிது குறையலாம். இரண்டு மாதத்தில் வெறுமையானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. காஸுடன் ஒயிலும் வெளியேறுவதால், பொருத்துகளில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் படிந்த இடமே பெரும்பாலும் அதனைக் காட்டிக்கொடுக்கும். அதைத் தேடாமல் காஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளும் வேலை. அதற்கும் கூலி வாங்குகிறார்கள்!

அடுத்த தீர்ப்பு இதனினும் கொடியது: "கொம்பிரசர் போட்டுது." எங்கள் அயலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பழைய நிசான் சனி காலையில் நன்கு குளிரும், நண்பகலில் நின்றுவிடும். ஒரு கராஜில் மூன்று தடவை காஸ் அடித்தபின், கொம்பிரசரையே மாற்றச் சொன்னார்கள். வேறொரு முதிய மெக்கானிக் பார்த்தபோது பிழை கிளச்சில் இருந்தது. அங்குள்ள இடைவெளி அரை மில்லிமீற்றர் அளவில் இருக்கவேண்டும். தேய்ந்து அது கூடிவிட்டால், சூடேறிய மின்காந்தச் சுருளின் இழுவை போதாது. உள்ளிருந்த மெல்லிய வளையமொன்றைக் கழற்றியதும் காரியம் முடிந்தது.

பியூஸ், றிலே, அமுக்க ஆளி, கிளச் ஆகிய நான்கையும் பாராமல் கொம்பிரசருக்கு மரணச் சான்றிதழ் எழுத எவருக்கும் உரிமையில்லை. ஏ.சி.யை நிறுத்தியிருக்கும்போதும் இரைச்சல் கேட்டால் கப்பியின் பெயாரிங்கையே முதலில் சந்தேகிக்க வேண்டும். எங்கள் செம்மண் புழுதி கொண்டென்சரை அடைத்தாலும் அமுக்கம் ஏறி இயந்திரம் நின்றுவிடும். அதற்கு மருந்து தண்ணீர்தான். கொம்பிரசர் உண்மையாகவே இறுகிப்போயிருந்தால், குழாய்களைக் கழுவி ஈரம் உறிஞ்சும் டிறையரையும் மாற்றாமல் புதியதைப் பூட்டக்கூடாது. பழையதன் உலோகத் துகள் புதியதையும் தின்றுவிடும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள். காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த அந்தப் பரம்பரையின் பிள்ளைகள் இன்று காஸ் சிலிண்டரைத் தவிர வேறொன்றையும் தொடமாட்டோம் என்கிறார்களே!

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தபின்னும் விலை எங்களுக்கு எட்டவில்லை. பழைய கார்தான் கதி. கசியவிடும் 134ஏ காஸோ காபனீரொட்சைட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குவது. 1989இலேயே மொன்றியல் உடன்படிக்கையில் இணைந்த நாடு இது.

ஆகவே, காஸ் அடிக்குமுன் ஒழுக்கு எங்கே என்று கேளுங்கள். காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் அரை மணிநேரமாவது இழுத்தார்களா என்று அருகில் நின்று பாருங்கள். அமுக்கமானி இல்லாத கராஜ் என்றால் பொனற்றைத் திறக்கவே விடாதீர்கள்.