வார்டுக்குள் வளரும் பூஞ்சை

2021 கோடையில் கருப்புப் பூஞ்சைக்கான ஆம்போடெரிசின்-பி ஊசி மருந்துக்காக நோயாளிகளின் உறவினர்கள் அலைந்த அலைச்சலை அதற்குள் மறந்துவிட்டோம். அந்த மே மாதம்தான் கருப்புப் பூஞ்சையை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. ஜூலைக்குள் நாடெங்கும் 45,000 பேருக்கு மேல் பாதிப்பு, 4,000 பேருக்கு மேல் பலி என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசே கூறியது. பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போயிற்று.

அன்று கொரோனாவோடு சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்து பூஞ்சைக்கு வழிவிட்டன. ஆனால், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சைக்குக் கொரோனா தேவையில்லை. மழை ஒழுகிய கூரையும் கழுவாத ஏசியும் இடித்த சுவரின் தூசியும் போதும். அதன் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. கீமோதெரபியில் வெள்ளையணுக்கள் சரிந்தவருக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கும் அதே காற்று நுரையீரலை அரிக்கும் நோயாகிறது. ஆன்டிபயாடிக் இதைத் தொடாது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அபாயப் பூஞ்சைப் பட்டியலில் இதற்கு உச்சப் பிரிவில் இடம்.

வசதி இருந்தும் கோட்டைவிட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் 2001 முதல் 14 பேருக்கு இத்தொற்று வந்ததையும், அவர்களில் 6 பேர் இறந்ததையும் 2019இல் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. குற்றவாளி, அறுவை அரங்கின் காற்றோட்ட அமைப்பு.

நம் ஊர் நிலவரம்? நோயாளிகள் படுத்திருக்கும்போதே பக்கத்து அறையில் சுவரை இடிக்கிறார்கள். நடுவே ஒரு கிழிந்த தார்ப்பாய். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் ஈரக்கறை மேல் ஒரு கோட்டிங் பெயின்ட். உள்ளே பூஞ்சை பத்திரமாக இருக்கும்! இடிக்கும் பகுதியைத் தரையிலிருந்து கூரைவரை அடைப்பது, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களை முன்கூட்டியே வேறிடம் மாற்றுவது, அவர்கள் அறைகளில் ஹெபா வடிகட்டி வைப்பது, துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணியால் துடைப்பது: இவற்றில் எதுவும் புதிய விஞ்ஞானமல்ல. கை கழுவுவதைக் கண்காணிக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவைக் கேட்காமல் கட்டடப் பிரிவு கடப்பாரையைத் தூக்குவதுதான் கோளாறு.

இனி அந்தக் குழுவின் கையெழுத்தில்லாமல் எந்த மருத்துவமனையிலும் ஒரு செங்கல்கூட அசையக் கூடாது. கருப்புப் பூஞ்சையைப் போலவே, சிகிச்சையின்போது தொற்றும் மற்ற பூஞ்சை நோய்களையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அரசு, தனியார் என்று பாராமல் எல்லா மருத்துவமனைகளின் கூரைகளையும் ஏசி குழாய்களையும் சோதித்து, முடிவுகளை மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிட வேண்டும்.